44 நெட் கேட்வேயைப் புதுப்பிப்பது எப்படி, அதன் சாவிகள் யார் யாரிடம் இருக்க வேண்டும்

44 நெட் என்பது ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு, ஒதுக்கப்பட்ட 44 என்று தொடங்கும் இணைய முகவரிகள். அவற்றை கிளப்பின் ரேடியோவோடு இணைக்கும் பெட்டிதான் கேட்வே. உங்கள் ஹாம் கிளப்பில் பழைய 44 நெட் கேட்வே ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் முதல் வேலையாக அதன் ஃபயர்வாலைத் திறந்து 44.0.0.0/8 (44 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் என்று பொருள்) என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

காரணம் இதுதான். ஒரு காலத்தில் 44 என்று தொடங்கும் முகவரி எல்லாமே லைசென்ஸ் உள்ள அமெச்சூர் ரேடியோக்காரர்களுடையது. அதனால் "44-இலிருந்து வருகிறதா, உள்ளே விடு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தோம். 2019 ஜூலையில் அந்தத் தொகுதியின் கடைசிக் கால் பகுதி, அதாவது 44.192.0.0/10, சுமார் 42 லட்சம் முகவரிகள், அமேசானுக்கு விற்கப்பட்டது. இன்று அங்கே ஓடுவது மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் சர்வர்கள். கிரெடிட் கார்டு உள்ள யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு சர்வரை எடுத்து, உங்கள் பழைய வரி வழியாக நேராக உங்கள் ரேடியோ சேனலுக்குள் வந்துவிட முடியும். அந்த ஒரு வரிக்குப் பதிலாக இப்போது இரண்டு வரி எழுத வேண்டும்: 44.0.0.0/9, 44.128.0.0/10.

ரவுட்டிங் டேபிளிலும், அதாவது எந்தப் பாக்கெட் எந்த வழியில் என்ற பட்டியலிலும், இதே கோளாறு ஒளிந்திருக்கும். கிளப் நெட்வொர்க்கில் உட்கார்ந்தால் சில இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை, மொபைல் டேட்டாவில் அதே தளங்கள் உடனே திறக்கின்றன என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் 44.0.0.0/8 முழுவதையும் டனலுக்குள் (ஹாம் பாக்கெட்டுகளை உறையிட்டு இணையம் வழியே கொண்டுபோகும் இணைப்பு) தள்ளும் பழைய ரூட் ஒன்று இருக்கும். அமேசானுக்குப் போக வேண்டிய பாக்கெட் ஹாம் டனலுக்குள் போய்த் தொலைந்துபோகிறது.

உங்கள் மொட்டை மாடியில் உள்ள பெட்டியின் ஃபயர்வால் வரியை, கலிபோர்னியாவில் ஒரு சிறு நிர்வாகக் குழு எடுத்த முடிவு தப்பாக்கிவிட்டது. அதனால் டனலை நவீனமாக்குவதையும், பொதுச் சொத்தை யார் எப்படி ஆளுகிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். என் அனுபவத்தில் டனலை மாற்ற ஒரு சனி, ஞாயிறு போதும். யார் முடிவெடுப்பது, சாவி யாரிடம் என்பதை முதலில் எழுதி வைக்காத கிளப்களில்தான் வேலை மாதக்கணக்கில் இழுக்கிறது.

இந்த முகவரிகள் எங்கிருந்து வந்தன

1981-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹேங்க் மக்னஸ்கி, கால்சைன் கேஏ6எம், அமெச்சூர் பாக்கெட் ரேடியோ சோதனைகளுக்காக முகவரி கேட்டார். அப்போது இணைய எண்களை ஒதுக்கிக்கொண்டிருந்த ஜான் போஸ்டல் 44 என்று தொடங்கும் முழுத் தொகுதியையும் கொடுத்தார். 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். இணையம் என்ற சொல்லே வெளியில் பரவாத காலம் அது, முகவரிக்கு விலை என்று ஒன்று வரும் என யாரும் நினைக்கவில்லை.

அதன்பின் நீண்ட காலம் இதைத் தாங்கி நின்றவர் பிரையன் கான்டர், டபிள்யூபி6சிஒய்டி. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு கேட்வே, உலகம் முழுக்க நாட்டுக்கு நாடு தன்னார்வ ஒருங்கிணைப்பாளர்கள், கோரிக்கை வந்தால் முகவரி பிரித்துக் கொடுப்பது என்று இருந்தது. 2011-இல் இந்தத் தொகுதி அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் கம்யூனிகேஷன்ஸ், சுருக்கமாக ஏஆர்டிசி, என்ற லாபநோக்கற்ற அமைப்பின் பெயருக்குப் பதிவாயிற்று. எட்டு ஆண்டு கழித்து விற்பனை. கிடைத்த தொகை 10 கோடி டாலருக்கு மேல். விற்ற சில மாதங்களில், 2019 நவம்பரில், கான்டர் காலமானார்.

விற்பனை சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தொகுதியில் பெரும்பகுதி சும்மாதான் கிடந்தது, ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை பரவப் பரவ பழைய முகவரிகளின் மதிப்பு இறங்கிவிடும், அதற்குள் விற்றுப் பணத்தை ரேடியோ ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் திருப்பலாம் என்பது ஒரு தரப்பு. எம்ஐடி மாணவர் கிளப்பின் பெரிய டிஷ் ஆன்டெனாவை மூடியிருக்கும் கூண்டைக் காப்பாற்ற 16 லட்சம் டாலர் கொடுத்தது இந்தப் பணத்திலிருந்துதான், திறந்த மூல டிஜிட்டல் குரல் திட்டமான எம்17-க்கும் இதிலிருந்து உதவி போயிருக்கிறது. இன்னொரு தரப்போ, போஸ்டல் கொடுத்தது ஒரு நிறுவனத்துக்கு அல்ல, உலகத்து ஹாம்கள் எல்லோருக்கும், அதை விற்க அதிகாரம் யார் கொடுத்தது என்று கேட்கிறது. என் கருத்து: விற்றதை ஏற்றுக்கொள்ள முடிகிறது, பணம் உருப்படியான இடங்களுக்குப் போயிருக்கிறது. ஆனால் விற்பனை முடிந்த பிறகே பயன்படுத்துபவர்களுக்குத் தெரிந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனையோ ஃபயர்வால்கள் நேரத்தோடு திருத்தப்பட்டிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் கணக்கெடுப்பு

ரவுட்டரைத் தொடாதீர்கள். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட முகவரி வரம்பு எது, அது ஏஆர்டிசி போர்ட்டலில் யார் பெயரில் இருக்கிறது, அதில் எந்தெந்த முகவரி உண்மையில் உயிரோடு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஏஎம்பிஆர் டாட் ஆர்க் டொமைனுக்குக் கீழே என்ன பெயர், எது ரேடியோ பக்கம், எது இணையப் பக்கம் மட்டும். ரிப்பீட்டர் கன்ட்ரோலர், பாக்கெட் பிபிஎஸ் (செய்திப் பலகை), ஏபிஆர்எஸ் ஐகேட் (ரேடியோவில் வரும் இருப்பிடச் செய்திகளை இணையத்துக்கு அனுப்பும் பெட்டி), ஆல்ஸ்டார் நோடு, டிஎம்ஆர் ரிப்பீட்டர் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்து நிமிடம் பாக்கெட் கேப்சர் (கடந்துபோகும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்வது) ஓடவிட்டால், யாருக்கும் நினைவில் இல்லாத ஒரு பெட்டி எங்கோ பேசிக்கொண்டிருப்பது தெரியவரும்.

போர்ட்டலில் உள்ள பெயர் முக்கியம். பல கிளப்களில் பழைய செயலாளர் ஒருவர் தன் சொந்தக் கால்சைனில் வாங்கியிருப்பார், இப்போது அவர் ஊரில் இல்லை, அவருடைய மின்னஞ்சலும் செத்துப்போயிருக்கும். இதைச் சரிசெய்ய ஆவணங்களோடு எழுதி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரலாம், ஆகவே இதை முதலில் தொடங்கிவிடுங்கள். மாற்றும்போது கிளப் கால்சைன் பெயரில், கிளப் மின்னஞ்சலோடு மாற்றுங்கள்.

பழைய ஐபிஐபி வலையை ஏன் விட வேண்டும்

44 நெட்டின் பழைய கட்டமைப்பு ஒரு முழு வலை. ஒவ்வொரு கேட்வேயும் உலகத்தில் உள்ள மற்ற ஒவ்வொரு கேட்வேக்கும் நேராக ஐபிஐபி டனல், அதாவது ஒரு ஐபி பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் டனல், வைத்திருக்கும். எந்த முகவரி எந்தக் கேட்வேக்குப் பின்னால் என்ற பட்டியலை சான் டியேகோ கேட்வே ரிப் என்ற ரவுட்டிங் புரோட்டோகால் வழியாக அவ்வப்போது அனுப்பும், உங்கள் பக்கம் பின்னணியில் ஓடும் ஒரு சிறு டீமன் அதைக் கேட்டு ரவுட்டிங் டேபிளை நிரப்பும். நடுவில் ஒரு இயந்திரம் விழுந்தாலும் மற்றவர்கள் தொடர்ந்து பேசிக்கொள்ளலாம் என்பது இதன் அழகு. அந்தக் காலத்துக்கு அருமையான வடிவமைப்பு.

இன்றைக்கு இரண்டு சிக்கல். ஐபிஐபி என்பது டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல, அது ஐபியின் நான்காம் எண் புரோட்டோகால், அதில் போர்ட் எண் கிடையாது. வீட்டு ரவுட்டர்களின் நாட் (பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) அதைப் புரிந்துகொள்வது அபூர்வம், சிஜி நாட்டுக்கு (இணைய நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பது) பின்னால் இருந்தால் சுத்தமாக வேலை செய்யாது. இந்தியாவில் இப்போது பல ஃபைபர் இணைப்புகளும் பெரும்பாலான மொபைல் இணைப்புகளும் சிஜி நாட் தான். உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள், 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று பாதுகாப்பு. ஐபிஐபியில் கையெழுத்து இல்லை, சாவி இல்லை. வெளி உறையில் வேறு ஒருவரின் முகவரியைப் போட்டு, உள்ளே 44 முகவரியை வைத்து அனுப்பினால், உங்கள் கேட்வே அப்படியே நம்பிவிடும்.

மாற்றுவழிகள் மூன்று உண்டு. ஏஆர்டிசியே 44 நெட் கனெக்ட் என்ற பெயரில் வயர்கார்டு (சாவி கொண்டு பூட்டப்பட்ட டனல்) அடிப்படையிலான விபிஎன் சேவை தருகிறது. ஒரு தனி ஹாமுக்கு, அல்லது ஒரே ஒரு ரிப்பீட்டருக்கு, இதைவிட எளிய வழி கிடையாது. சிஜி நாட்டுக்குப் பின்னாலிருந்தும் ஓடும்.

கிளப் பெரியதாக இருந்தால் நேரடி பிஜிபி அறிவிப்பு, அதாவது இந்த முகவரிகள் எங்களிடம் என்று இணையத்தின் ரவுட்டர்களுக்கு நீங்களே சொல்வது. குறைந்தது /24, அதாவது 256 முகவரிகள் வேண்டும், அதைவிடச் சிறியதை இணையத்தின் பெரிய ரவுட்டர்கள் வடிகட்டிவிடும். ஏஆர்டிசியிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, சொந்த முகவரியை அறிவிக்க விடும் விபிஎஸ் (வாடகை சர்வர்) நிறுவனம் ஒன்றில் சர்வர் எடுத்து, அங்கே அறிவித்து, அங்கிருந்து கிளப்புக்கு வயர்கார்டு போடுங்கள். ஆர்பிகேஐ சான்று, அதாவது இந்த முகவரியை இன்னார் அறிவிக்கலாம் என்ற கையெழுத்திட்ட பதிவு, உருவாக்குவது முகவரியின் பதிவு உரிமையாளரால் மட்டுமே முடியும், உங்களால் முடியாது. எனவே விண்ணப்பத்திலேயே எந்த ஏஎஸ் எண்ணிலிருந்து (நெட்வொர்க்கின் அடையாள எண்) அறிவிக்கப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பிறகு விபிஎஸ்ஸை மாற்றினால் மறுபடி சொல்ல வேண்டும். இதை மறந்துவிட்டால் உலகத்தில் பாதிப் பேருக்கு நீங்கள் தெரிவீர்கள், பாதிப் பேருக்குத் தெரியமாட்டீர்கள், ஏன் என்று தேடித் தேடியே தலை காய்ந்துவிடும்.

மூன்றாவது, 44 முகவரியே வேண்டாம் என்பது. பேரிடர்க் காலத்தில் ஊருக்குள் நோடுகள் ஒன்றோடொன்று பேசினால் போதும் என்றால் ஏஆர்இடிஎன் போன்ற மெஷ் நெட்வொர்க் சரியாக இருக்கும். அது 10 என்று தொடங்கும் தனியார் முகவரிகளைப் பெட்டியின் வன்பொருள் எண்ணிலிருந்து தானே உருவாக்கிக்கொள்கிறது, யாரிடமும் ஒதுக்கீடு கேட்க வேண்டியதில்லை. அங்கேயும் நவீனமாக்கல் நடந்திருக்கிறது, பழைய ஓஎல்எஸ்ஆர் ரவுட்டிங்கை விட்டு பேபலுக்கு மாறியிருக்கிறார்கள். வெளி இணையத்திலிருந்து நேராக அடைய முடியாது என்பதுதான் விலை.

டனல் போடும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள்

வயர்கார்டு நிறுவுவது பற்றி நல்ல விளக்கங்கள் நிறையக் கிடைக்கின்றன, அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஹாம் கேட்வேக்கே உரிய சங்கடங்களை மட்டும் சொல்கிறேன்.

திரும்பும் வழி. வெளியிலிருந்து உங்கள் 44 முகவரிக்கு ஒரு கோரிக்கை டனல் வழியாக வரும். பதிலை லினக்ஸ் தன் வழக்கமான டீஃபால்ட் ரூட்டில், அதாவது உங்கள் பிராட்பேண்டில் அனுப்பும். பிராட்பேண்ட் நிறுவனமோ தன்னுடையதல்லாத மூல முகவரியைப் பார்த்ததும் தூக்கி எறிந்துவிடும். டனல் பச்சையாக இருக்கிறது, பாக்கெட் வருகிறது, பதில் மட்டும் போகவில்லை. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாததுபோல் இருக்கும். தீர்வு, 44 மூல முகவரியோடு கிளம்பும் எதுவானாலும் தனி ரவுட்டிங் டேபிளைப் பார்க்கும்படி ஒரு விதி எழுதி, அந்த டேபிளின் டீஃபால்ட் ரூட்டை டனலாக வைப்பது. கூடவே பாக்கெட்டின் மூல முகவரி வந்த வழியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கெர்னலின் ரிவர்ஸ் பாத் சோதனையைத் தளர்வான நிலைக்கு, அதாவது 2-க்கு, மாற்றுங்கள்.

எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட் கணக்கில். ஈதர்நெட்டில் 1500, ஐபிஐபியில் 1480, வயர்கார்டில் வழக்கமாக 1420, பாக்கெட் ரேடியோ பக்கம் 256 சுற்றுவட்டாரம். டிசிபி எம்எஸ்எஸ் அளவை (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) டனல் வாசலிலேயே குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிங் போகும், லாகின் திரை வரும், பக்கம் மட்டும் பாதியில் தொங்கும்.

கீப்அலைவ், அதாவது டனலை விழித்திருக்க வைக்கும் சிறு பாக்கெட். நாட் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் 25 விநாடி என்று வையுங்கள். வைக்காவிட்டால் நீங்கள் வெளியே பேசும்போது எல்லாம் சரியாக இருக்கும், வெளியிலிருந்து உங்களைக் கூப்பிடும்போது மட்டும் டனல் தூங்கிக்கொண்டிருக்கும்.

ரேடியோவைக் காப்பது

பொதுவெளியில் அறிவிக்கப்பட்ட எந்த முகவரியையும் இணையத்தின் ஸ்கேனர்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். ஃபைபரில் அது கண்ணுக்கே தெரியாது. 1200 பாட் ரேடியோவில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சின்ன டிசிபி பாக்கெட் ஏஎக்ஸ்.25 (பாக்கெட் ரேடியோவின் புரோட்டோகால்) தலைப்போடு சேர்த்து 60 பைட், அதாவது 480 பிட், 0.4 விநாடி. ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்மிட்டர் எழுந்திருக்க 0.3 விநாடி. யாரோ ஒருவர் உங்கள் /24 முழுவதையும் ஒரே ஒரு போர்ட்டுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்தாலே, கேட்வே அதை அப்படியே காற்றில் விட்டால், கிட்டத்தட்ட மூன்று நிமிடம் சேனல் அடைபட்டுக் கிடக்கும். இப்படி ஒருவரா இருவரா?

அதனால் ரேடியோ இன்டர்ஃபேஸ் நோக்கிப் போகும் எல்லாவற்றையும் முதலில் தடை செய்துவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறங்கள். மேலே சொன்ன இரண்டு வரிகளில் உள்ள 44 முகவரிகளைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு திறக்காதீர்கள். முகவரி லைசென்ஸுக்குச் சான்று ஆகாது. காற்றில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பொறுப்பு உங்கள் லைசென்ஸ்தான், அதை அனுப்பச் சொன்னவர் யார் என்று தெரியாமல் அனுப்புவது நல்லதல்ல.

அப்படியானால் எப்படி அடையாளம் காண்பது? இணையப் பக்கம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வயர்கார்டு சாவி கொடுங்கள், ஒரு கால்சைனுக்கு ஒரு சாவி, கிளப் முழுவதற்கும் ஒரே சாவி என்ற பழக்கம் வேண்டவே வேண்டாம். ரேடியோ பக்கம் டிஜிட்டல் கையெழுத்து பயன்படுத்தலாம். கையெழுத்து செய்தியை மறைப்பதில்லை, யார் அனுப்பியது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு கால்சைன் பொறித்த சான்றிதழ் தருகிறது, அதையே அடையாளமாக ஏற்கும் நெட்வொர்க்குகளும் உண்டு.

மறைகுறியாக்கம் வேறு விஷயம். சர்வதேச ரேடியோ விதிமுறைகளின் 25-ஆம் பிரிவு, வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்கள் பேசிக்கொள்ளும்போது பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியாக்கம் செய்யக் கூடாது என்கிறது. செயற்கைக்கோள் கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு. நாட்டுக்கு நாடு உள்ளூர் விதிகள் வேறு. வயர்கார்டு இணையக் கம்பியில் ஓடுவதில் தப்பில்லை, அது அமெச்சூர் அலைவரிசையைத் தொடுவதே இல்லை. அதே டனலை, அல்லது எச்டிடிபிஎஸ் பக்கத்தை, எஸ்எஸ்எச்சை, ஹாம் அலைவரிசையில் ஓடவிடும்போதுதான் சிக்கல். ரேடியோ பக்கத்துக்குச் சாதாரண எச்டிடிபி சர்வர் ஒன்றை வையுங்கள், நிர்வாக வேலைகளை இணையப் பக்கத்திலிருந்து மட்டும் செய்யுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பை லைசென்ஸ் தேவையில்லாத வைஃபை அலைவரிசையில், அதற்குரிய பவர் வரம்புக்குள் ஓட்டினால் அது அமெச்சூர் இணைப்பே அல்ல, அங்கே மறைகுறியாக்கம் தாராளமாகச் செய்யலாம்.

ரேடியோவையும் இணையத்தையும் இணைப்பதற்கு முன் உங்கள் லைசென்ஸ் நிபந்தனைகளைப் படியுங்கள். அதற்குரிய அமைப்பு இந்தியாவில் டபிள்யூபிசி, இலங்கையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு, சிங்கப்பூரில் ஐஎம்டிஏ, மலேசியாவில் எம்சிஎம்சி. தெளிவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், பதிலைக் கோப்பில் வையுங்கள்.

யார் ஆள்வது

இதற்குத்தான் கிளப் கூட்டத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஆனால் எல்லோரும் தாண்டிப்போவதும் இதைத்தான்.

நம் ஊர்க் கண்மாய்களில் மடையைத் திறந்து மூடுபவர் நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எத்தனை நாள் என்று முடிவு செய்வது ஊர்க்கூட்டம். நீர்பாய்ச்சி திறமைசாலி, நல்லவர் என்பதற்காக முடிவையும் அவர் கையில் கொடுத்துவிடவில்லை. கிளப் நெட்வொர்க்கில் அந்த இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஏனென்றால் லினக்ஸ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மீது யாருக்கும் குறை இருக்காது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும் நாளில்தான் தெரியும்.

கணக்கெடுப்பு ஸ்ப்ரெட்ஷீட்டை மறுபடி எடுங்கள், ஒவ்வொரு பொதுச் சொத்துக்கும் எதிரே மூன்று பெயர் எழுதுங்கள்: முடிவெடுப்பது யார், இயக்குவது யார், இயக்குபவர் இல்லாதபோது யார். முகவரி ஒதுக்கீடு, டிஎன்எஸ் பெயர்கள், வயர்கார்டு சாவிகள், விபிஎஸ் கணக்கு, ரவுட்டர் பாஸ்வேர்டுகள், மாடி அல்லது கோபுரத்தில் ஆன்டெனா வைக்கக் கட்டட உரிமையாளர் கொடுத்த கடிதம். விபிஎஸ்ஸுக்குப் பணம் யார் கார்டில் போகிறது என்பதையும் எழுதுங்கள். கார்டு காலாவதியாகி நெட்வொர்க் நின்றுபோவது கேட்கச் சின்ன விஷயம், ஆனால் மின்னலைவிட அதிக கேட்வேக்களைக் கொன்றது அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ரகசியமும் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது, இரண்டு பேரிடம் கட்டாயம்.

அப்புறம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் விதிகள். முகவரி யார் கேட்கலாம், எத்தனை நாளில் பதில், மறுத்தால் காரணம் எழுத்தில், மேல்முறையீடு யாரிடம். பயன்படாத முகவரியைத் திரும்ப எடுப்பதற்கு முன் எத்தனை முறை, எந்தெந்த வழியில் தொடர்புகொள்ள வேண்டும். நெட்வொர்க்கையே பாதிக்கும் மாற்றம் என்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. நான் 60 நாள் என்பேன். ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பொதுவில் வையுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்தில் ஹாம்நெட் என்ற ஹாம் நெட்வொர்க் நன்றாக வளர்ந்ததற்கு அதன் திறந்த தரவுத்தளம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எந்த மலையில் எந்த நோடு, எதனோடு எந்த இணைப்பு, என்ன முகவரி என்று யாரும் பார்க்கலாம், புதிதாக வருபவர் யாரையும் கெஞ்சாமல் தன் திட்டத்தைப் போடலாம்.

முகவரி மாற்றத்தின் செலவு யார் தலையில் என்பதையும் விதியில் சேர்த்துவிடுங்கள். 2021-இல் ஏஆர்டிசியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு, 44.128.0.0/10 பகுதியை ரேடியோவுக்குள் மட்டும், 44.0.0.0/9 பகுதியை இணையத்தோடு இணைந்ததற்கு என்று பிரிக்கலாம் என ஒரு யோசனை வைத்தது. காகிதத்தில் அழகான யோசனை, ஃபயர்வால் எழுதுவது எளிதாகிவிடும். ஆனால் நெதர்லாந்தில் 44.137.0.0/16 முழுவதும் ஏற்கெனவே இணையத்தில் அறிவிக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவர்கள் எல்லோரும் முகவரி மாற வேண்டியிருக்கும். கடும் எதிர்ப்பு வந்தது. மலை உச்சியில் உள்ள பெட்டிக்கு முகவரி மாற்ற ஒரு தன்னார்வலர் தன் விடுமுறை நாளில், சொந்தப் பெட்ரோலில் ஏறிப்போக வேண்டும் என்பது யோசனை எழுதுபவர்களுக்கு எப்போதும் நினைவில் இருக்க வேண்டும். ஆனால் அந்த யோசனை முன்கூட்டியே பேச்சுக்கு வைக்கப்பட்டது, அதனால்தான் எதிர்க்கவும் முடிந்தது. 2019-ஓடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம்தான்.

மேல்மட்டத்தில் உங்களுக்கு என்ன இடம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏஆர்டிசி உறுப்பினர் சங்கம் அல்ல. 44 முகவரி வைத்திருப்பவருக்கு அங்கே வாக்கு இல்லை, இயக்குநர் குழுவை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. இருக்கும் வழி ஆலோசனைக் குழுக்கள். தொழில்நுட்பத்துக்கும் நிதியுதவிக்கும் தனித்தனிக் குழுக்கள் தன்னார்வலர்களைக் கொண்டு இயங்குகின்றன. விண்ணப்பியுங்கள். கொள்கை மாற்றம் பற்றிக் கருத்துக் கேட்டால் ஐந்து வரியாவது எழுதுங்கள், உங்கள் கணக்கெடுப்பிலிருந்து எண்களோடு எழுதுங்கள். சிஜி நாட்டுக்குப் பின்னால் வாழும் நாடுகளின் நிலை அமெரிக்காவில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

மாறும் நாள்

இரண்டு டனலையும் சில நாள் சேர்ந்தே ஓடவிடுங்கள். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை (பெயருக்கான முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்கு இறக்குங்கள். முதலில் யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு சோதனை முகவரியை மட்டும் புதிய வழிக்கு மாற்றி, வெளிநாட்டு நண்பர் ஒருவரை அழைக்கச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் பிபிஎஸ், ஐகேட், கடைசியாக ரிப்பீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் பழைய டனல் இன்டர்ஃபேஸில் கேப்சர் ஓடட்டும், அங்கே வரவு நின்ற பிறகுதான் அணைக்க வேண்டும்.

அணைத்ததும் ஏஆர்டிசி போர்ட்டலில் உங்கள் பழைய கேட்வே பதிவை நீக்குங்கள். இதைப் பலர் செய்வதில்லை. பதிவு இருக்கும் வரை உலகத்தில் உள்ள மற்ற ஐபிஐபி கேட்வேக்கள் உங்கள் பழைய பிராட்பேண்ட் முகவரிக்குப் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த முகவரியைப் பிராட்பேண்ட் நிறுவனம் அடுத்த வாரமே வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம், அவர் அதை எடுத்துப் படிக்கவும் முடியும். பதிவை நீக்கி, டிடிஎல்லைப் பழைய அளவுக்கு ஏற்றி, பயன்படாத முகவரிகளின் டிஎன்எஸ் பெயர்களை அழித்து, தேவைக்கு மேல் உள்ள வரம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்ப்ரெட்ஷீட்டில் தேதி போடுங்கள்.